கணக்கும் கண்ணும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களில் பஞ்சாங்கம் இல்லாத வீடு அரிது. திதி பார்ப்பதற்கும், மணநாள் குறிப்பதற்கும், அமாவாசையன்று முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றுவதற்கும் அதனைப் புரட்டாத குடும்பங்கள் சிலவே. ஆயினும் ஒரு வீட்டுப் பஞ்சாங்கமும் அடுத்த வீட்டுப் பஞ்சாங்கமும் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை. ஒன்றின் அட்டையில் ‘வாக்கியம்’ என்றும், மற்றொன்றின் அட்டையில் ‘திருக்கணிதம்’ என்றும் அச்சிடப்பட்டிருக்கும். சனிக்கோள் மகர இராசியிலிருந்து கும்ப இராசிக்குப் பெயர்வது 2023-ஆம் ஆண்டு ஜனவரி 17-இல் என்று திருக்கணிதம் கூறியது. அவ்வாண்டு டிசம்பர் 20-இல் என்று வாக்கியம் கூறியது. வானத்தில் உள்ள சனி ஒன்றே. அஃது ஒரே நாளில் இரண்டு இடங்களில் நிற்றல் இயலாது. அங்ஙனமாயின் பதினொரு மாத வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது?

இவ்வினாவிற்கு விடை காண முயல்வோர் வானநூல் வளர்ந்த வரலாற்றிற்குள்ளேயே புகுந்துவிடுவர். அவ்வரலாற்றின் சுவை மிக்க பகுதியொன்று தமிழகத்தில், சிறப்பாகச் சென்னையில், நிகழ்ந்தது.

வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் அதன் கணக்கு முறையினால் வந்தது. அச்சும் தாளும் இல்லாத காலத்தில் நீண்ட எண்களை நினைவில் இருத்துவது எளிதன்று. ஆகவே முன்னோர் ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் கொடுத்து, எண்களைச் சொற்களாகவும் சொற்களைச் சிறு வாக்கியங்களாகவும் அமைத்தனர். திங்களின் நடைக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உள. திங்கள் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அண்மையில் வரும்போது விரைந்தும், சேய்மையில் மெல்லவும் செல்லும். விரைந்த நிலையினின்று மீண்டும் விரைந்த நிலையை எய்த அதற்கு இருபத்தேழரை நாளுக்குச் சிறிது மிகுதியான காலம் வேண்டும். இத்தகைய சுற்றுகள் ஒன்பது நிறைவதற்கு ஏறத்தாழச் சரியாக 248 நாள் ஆகின்றது. அதனாலேதான் நாளுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்கள் அமைந்தன. இவற்றை மனப்பாடமாக அறிந்தவர் ஏடு எதனையும் தொடாமலே திங்களின் இடத்தைச் சொல்லிவிடுவார்.

இம்முறையின் ஆற்றலைக் கண்டு வியந்த மேனாட்டார் இருவரைப் பற்றி இங்கே கூறுதல் பொருந்தும். முதல்வர் லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலார். வெள்ளிக்கோள் ஞாயிற்றின் குறுக்கே கடந்து செல்லும் அரிய காட்சியைப் புதுச்சேரியிலிருந்து காண்பதற்காக அவர் 1760-இல் தம் நாட்டினின்று கப்பல் ஏறினார். அக்காட்சி 1761-இல் நிகழ இருந்தது. அவர் சென்று சேர்வதற்கு முன்பே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டது. கரையிறங்க இயலாமல், ஆடும் கப்பலின் மேல் நின்றே அவர் அக்காட்சியைக் காண நேர்ந்தது. நிலையில்லாத இடத்திலிருந்து துல்லியமாக அளத்தல் இயலவில்லை. எட்டாண்டு கழித்து மீண்டும் அக்காட்சி வரும் என்பதனால் அவர் ஊர் திரும்பாமல் கீழ்நாடுகளிலேயே தங்கினார். பின்னர்ப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. அங்கே ஓர் ஆய்வுக்கூடமும் அமைத்துக் காத்திருந்தார். 1769-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குறித்த காலை வந்தது. வேண்டிய நேரத்தில் வானத்தை மேகம் மூடிக்கொண்டது! அவர் 1771-இல் தாயகம் சேர்ந்தபோது, இறந்துவிட்டார் என்றே உறவினர் முடிவு செய்திருந்தனர்.

அவர் பட்ட துன்பமெல்லாம் வீணாகிவிடவில்லை. காத்திருந்த காலத்தில் புதுச்சேரியில் தமிழ்நாட்டுக் கணிதர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த திங்கட் கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அம்முறைப்படி கணித்தபோது 41 விநாடி மட்டுமே குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் பெருமதிப்புப் பெற்றிருந்த மேயரின் அட்டவணையோ 68 விநாடி மிகையாகக் காட்டிற்று. கிளிஞ்சல்களைத் தரையில் பரப்பிக் கூட்டியும் கழித்தும் பெற்ற விடை, தொலைநோக்கியின் துணைகொண்டு அமைத்த அட்டவணையை வென்றது.

இரண்டாமவர் ஜான் வாரன். அவர் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டின் திங்கட் கிரகணத்தைக் கணித்துக் காட்டிய வரலாற்றை எழுதி வைத்துள்ளார். அக்கணிதரும் கிளிஞ்சல்களையும் மனப்பாட வாக்கியங்களையும் கொண்டே கணித்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடமே தவறியது. ஆனால் நடுப்பகுதியில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் தவறியது. அவர் கணக்கை வழுவின்றிச் செய்தார். அக்கணக்கின் காரணத்தை மட்டும் அவர் அறியார் என்கிறார் வாரன். இச்செய்தியைச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூற்றாண்டுகளுக்கு முன்பு யாரோ ஓர் அறிஞர் வானத்தைக் கண்டு, அளந்து, விதி வகுத்தார். விதி வாழ்ந்தது, வானத்தைக் காணும் வழக்கம் மங்கிற்று. ஆகவே கணக்கில் பிழை தோன்றினாலும் அதனைத் திருத்தும் வழி கணிதரிடம் இல்லாமற்போயிற்று.

பிழை எவ்வளவு சிறியதாயினும் காலம் அதனைப் பெருக்கிவிடும். கி.பி. 499-இல் ஆரியபடர் கொண்ட ஆண்டின் அளவு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. விண்மீன்களை ஒட்டி இன்று அளந்து கண்ட ஆண்டு 365 நாள், 6 மணி, 9 நிமிடம், 10 விநாடி. வேறுபாடு 3 நிமிடம் 20 விநாடியே. கண்ணாடிக் குழாயோ, பொறிக் கடிகாரமோ இல்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்தது பெருவியப்பு. எனினும், ஓராண்டில் 3 நிமிடம் 20 விநாடி என்பது ஆயிரம் ஆண்டில் 55 மணி நேரத்தைக் கடந்துவிடும். கோள்கள் ஒவ்வொன்றின் நடைக்கும் இத்தகைய சிறு பிழை தனித்தனியே உண்டு. சனியின் பெயர்ச்சியில் பதினொரு மாதம் வந்து புகுந்தது இவ்வாறு பெருகிய பிழைகளால்தான்.

இதனை முன்னோர் அறியாதிருந்தனர் என்று எண்ணுவது தவறாகும். கேரளத்தில் வாழ்ந்த பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணால் கண்டு குறித்து, பழைய கணக்கோடு ஒப்பிட்டு, 1431-இல் திருத்திய கணக்கு ஒன்றை வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘த்ருக்கணிதம்’. திருக்கணிதம் என்னும் சொல்லின் முதலில் உள்ள ‘திரு’ மேன்மையைக் குறிக்கும் தமிழ்ச் சொல் என்று பலர் கருதுவர். அஃதன்று. கண், பார்வை என்னும் பொருளுடைய ‘த்ருக்’ என்னும் வடசொல்லே தமிழ் நாவில் அவ்வாறு திரிந்தது. கண்ணுக்கு ஒத்த கணக்கே திருக்கணிதம்.

இதற்கிடையே மேனாட்டில் பெரிய மாறுதல்கள் நிகழ்ந்தன. பூமியே ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்று கோப்பர்னிக்கசு 1543-இல் வெளியிட்ட நூல் கூறிற்று. கோள்களின் பாதை வட்டமன்று, நீள்வட்டம் என்று கெப்ளர் 1609-இல் காட்டினார். கலிலியோ தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பினார். மரத்தினின்று விழும் கனியையும் திங்களையும் ஒரே விதி ஆள்கின்றது என்று நியூட்டன் 1687-இல் நிறுவினார். இவ்வறிவுடன் நம் கடற்கரைக்கு வந்த ஆங்கிலக் கம்பெனியார்க்கு வானநூல் வெறும் ஆராய்ச்சி அன்று. கப்பல் தவறாமல் செல்வதற்கும், நாட்டின் படம் வரைவதற்கும் இன்றியமையாத கருவி. ஆகவே மைக்கேல் டாப்பிங் என்பாரின் திட்டப்படி 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வான் ஆய்வுக்கூடம் எழுந்தது. தொலைநோக்கி அசையாதிருத்தல் வேண்டி அங்கே நாட்டப்பட்ட கருங்கல் தூண் பதினைந்தடி உயரமும் ஏறத்தாழப் பத்து டன் எடையும் உடையது. அதன்மேல் இலத்தீன், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஆசியாவில் கணித அறிவியல்கள் ஆங்கிலேயர் கொடையால் முதன்முதல் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டிற்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அவ்வெழுத்துகளின் கருத்து. ‘முதன்முதல்’ என்று எழுதியவர் புதுச்சேரிக் கணிதரின் கிளிஞ்சல்களைக் கண்டிருக்க மாட்டார் போலும்!

அவ்வாய்வுக்கூடத்தின் அன்றாடப் பணி எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. வடக்குத் தெற்காக மட்டுமே திரும்பும் தொலைநோக்கி ஒன்று நிலையாக நிறுத்தப்பட்டிருக்கும். அதன் உள்ளே மெல்லிய இழைகள் கட்டப்பட்டிருக்கும். விண்மீன் ஒன்று ஓர் இழையைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தின் ஒலியைக் கேட்டுக்கொண்டே குறித்தல் வேண்டும். இவ்வாறு இரவுதோறும் குறித்த குறிப்புகளைக் கொண்டு 11,015 விண்மீன்களின் இடங்களை அடக்கிய பட்டியல் 1844-இல் வெளியாயிற்று. டெய்லர் என்பார் அதனை ஆக்கியவர்.

விண்மீன் கடக்கும் கணமே கடிகாரத்திற்கும் சான்று. ஆகவே ஆய்வுக்கூடமே சென்னைக்கு நேரம் வகுத்தது. கிரீனிச்சு நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது ‘சென்னை நேரம்’. இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-இல் திறக்கப்பட்டது. ஆவடி வழியே செல்வது அப்பாதைதான். பிற்காலத்தில் இந்தியாவின் இருப்புப்பாதைகள் பலவும் சென்னை நேரத்தையே பின்பற்றின. 1906-இல் இந்தியப் பொது நேரம் வழக்கிற்கு வரும் வரையில், வண்டியைப் பிடிக்க விரைந்த பயணி தான் அறியாமலே நுங்கம்பாக்கத்து விண்மீன் குறிப்பிற்குப் பணிந்து நடந்தான் எனலாம்.

இக்கூடத்தில் பணியாற்றிய இந்தியருள் தலைசிறந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடியில் பிறந்தவர் அவர். இளமையிலேயே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, முதல் உதவியாளர் ஆனார். பகலில் மரபுக் கணக்கும் இரவில் தொலைநோக்கியும் அவர் கைவசம் இருந்தன. இரண்டையும் ஒருங்கே அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலர். 1861-இல் தலைவராக வந்த நார்மன் போக்சன் அவருடைய திறமையை உணர்ந்து பெரும்பணிகளை ஒப்படைத்தார்.

1867-ஆம் ஆண்டு ஜனவரியில் இரகுநாதாச்சாரியார், ரெட்டிகுலம் என்னும் தென்வானக் கூட்டத்திலுள்ள விண்மீன் ஒன்று ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதைக் கண்டறிந்தார். அது இன்று ஆர் ரெட்டிகுலி என்னும் பெயரால் வழங்குகின்றது. தற்கால வானநூலில் கண்டுபிடிப்பு நிகழ்த்திய முதல் இந்தியர் என்று வரலாற்றாசிரியர் அவரைப் போற்றுவர். அவ்விண்மீன் ஏறத்தாழ 278 நாளுக்கு ஒருமுறை பொலிந்து மங்குகின்றது. மங்கிய காலத்தில் அதன் ஒளி, பொலிந்த காலத்து ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்களவிற்குச் சுருங்கிவிடும். விண்மீனின் ஒளியை இவ்வாறு எண்ணால் அளப்பதற்கு உலகம் இன்றும் கையாளும் அளவுமுறையை 1856-இல் வகுத்தவர் அதே போக்சன்தான்.

ஒரு மங்கிய விண்மீனைக் கண்டதில் இத்துணைச் சிறப்பு என்ன என்று சிலர் வினவலாம். விண்ணுலகம் மாறாதது, அழியாதது என்பது கீழ்நாட்டிலும் மேனாட்டிலும் நெடுங்காலம் நிலைத்த எண்ணம். மாறும் விண்மீன்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டதும் அவ்வெண்ணம் தளர்ந்தது. ஆர் ரெட்டிகுலி முதுமையுற்ற செம்மீன். அதன் உடல் விரிந்தும் சுருங்கியும் துடிக்கின்றது. நம் ஞாயிறும் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டு கழித்து அத்தகைய முதுமையை எய்தும். விண்மீன்களுக்கும் பிறப்பும் மூப்பும் உண்டு என்னும் உண்மை இப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்தே சிறுகச் சிறுகத் திரண்டது.

அடுத்த ஆண்டு, 1868 ஆகஸ்டு 18-இல், முழு ஞாயிற்றுக் கிரகணம் ஒன்று ஆந்திர நாட்டின் குறுக்கே சென்றது. போக்சன் மசூலிப்பட்டினத்திற்குச் சென்றார். இரகுநாதாச்சாரியார் தனிக் குழு ஒன்றிற்குத் தலைவராகி வனபர்த்திக்குச் சென்றார். குண்டூரில் ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஞாயிற்றின் விளிம்பில் எழும் செந்தழல்கள் எரியும் வாயுக்களே எனத் தெளிந்தார். அவ்வாண்டு கண்ட மஞ்சள் ஒளிக்கோடு பூமியில் அதுவரை அறிந்த எப்பொருளுக்கும் உரியதாக இல்லை. அப்பொருள் ‘ஹீலியம்’ என்று பெயர் பெற்றது. பூமியில் அது 1895-இல்தான் கைக்குக் கிடைத்தது. இராகு விழுங்குவதாகச் சொல்லப்பட்ட அந்தச் சில நிமிட இருளில் ஞாயிறு எப்பொருளால் ஆயது என்னும் செய்தி வெளிப்பட்டது.

இரகுநாதாச்சாரியாரை இலண்டன் அரச வானநூற் கழகம் 1872-இல் உறுப்பினராக ஏற்றது. ஆயினும் புகழோடு அவர் அமையவில்லை. தாம் தொலைநோக்கியில் கண்டதை, தொலைநோக்கி காணாத பெருமக்களுக்குச் சொல்லவேண்டும் என்பதே அவருடைய வேட்கை. 1874-ஆம் ஆண்டு டிசம்பர் 9-இல் வெள்ளி மீண்டும் ஞாயிற்றைக் கடக்க இருந்தது. லெ ஜாந்தியை அலைக்கழித்த அதே காட்சி! அதனை விளக்கிச் சிறு நூலொன்று எழுதி, இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தார். நம் நாட்டு நூன்மரபிற்கு ஏற்ப, உரையாடல் வடிவில் அதனை அமைத்தார்.

அக்காட்சியின் பயன் வருமாறு. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தால், எதிரேயுள்ள சுவரில் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். கண்களுக்கு இடையே உள்ள தொலைவு தெரிந்தால், விரல் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பூமியின் இரு கோடிகளே இரு கண்கள், வெள்ளியே விரல், ஞாயிறே சுவர். இம்முறையினால் அறிஞர் ஞாயிற்றின் தொலைவை அளந்தனர். அது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். விண்மீன்களுக்கெல்லாம் தொலைவு அளக்கும் கோலுக்கு அதுவே முதற்படி.

பஞ்சாங்கத்தைத் திருத்தும் முயற்சியே அவருக்குக் கடினமாயிருந்தது. திதி ஒரு நாழிகை தவறினால் நோன்பு நாள் மாறும். முன்னோர் கடன் மாறும். மரபைக் காப்போர், தந்தையும் பாட்டனும் கைக்கொண்ட நாளை மாற்றுவது தகாது என்றனர். அவர்கள் அச்சத்தை எள்ளி நகையாடுவது எளிது, ஆனால் நீதியன்று. நாள் என்பது அவர்க்குக் கணக்கு மட்டுமன்று, கடமையும் ஆகும். இரகுநாதாச்சாரியாரும் மரபைக் கைவிடச் சொல்லவில்லை. கிரகணம் கணித்த நேரத்திற்கும் கண்ட நேரத்திற்கும் வேற்றுமை இருப்பின், கண்டதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்துவதே பரமேசுவரர் போன்ற பெரியோர் காட்டிய மரபு என்றார். அவ்வாறு திருத்திய கணக்கின்படி திருக்கணிதப் பஞ்சாங்கமும் கணித்தார். விரிவான வானநூல் ஒன்றினை எழுதி வெளியிடவும் விரும்பினார். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். அவர் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. வாக்கியமும் திருக்கணிதமும் ஆண்டுதோறும் அச்சாகின்றன.

நகரம் பெருகியதும் நுங்கம்பாக்கத்து வானம் ஆராய்ச்சிக்கு ஏற்றதாக இல்லை. 1899-இல் வானநூற் பணி கொடைக்கானல் மலைக்கு மாறிற்று. அங்கே 1909-இல் எவர்ஷெட் என்பார், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வாயு நடுவினின்று வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், இறந்த விண்மீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். கண்ணுக்கு முன்னே கணக்குச் சென்ற அரிய நிகழ்ச்சிகளுள் அஃது ஒன்று. பின்னர்ச் சவ்வாது மலையில் காவலூரில் புதிய ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே 1986-இல் 2.34 மீட்டர் அகல ஆடியுடைய தொலைநோக்கி பணி தொடங்கிற்று. நுங்கம்பாக்கத்தில் இப்பொழுது வானிலை மையம் இயங்குகின்றது. கருங்கல் தூண் அதன் வளாகத்தில் நிற்கின்றது.

இரகுநாதாச்சாரியார் கண்ட விண்மீன் பூவிருந்தவல்லியிலிருந்து நோக்கினால் ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணி அளவில் நேர் தெற்கே, அடிவானத்திற்கு மேல் பதினான்கு பாகை உயரத்தில் இருக்கும். பொலிந்த நாளிலும் அது வெறுங்கண்ணுக்கு எட்டாது. நல்ல கைத்தொலைநோக்கி ஒன்று வேண்டும். தெற்கில் தெருவிளக்கு மறைக்காத மொட்டைமாடியும், மேகம் இல்லாத இரவும் வேண்டும். அது கண்ணுக்கு அகப்படாவிட்டால் இன்னும் சில மாதம் பொறுத்தல் வேண்டும்; ஒருகால் அப்பொழுது அது மங்கியிருக்கும் காலமாகவும் இருக்கலாம்.